வண்டி நின்ற பிறகுதான் அம்மா

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கூட இன்னொரு பெரியவர் இல்லாமல், நாள் முழுவதும் காரோட்டிச் செல்வதைப் பற்றிப் பேச நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். முதல் பயணத்தின்போது மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது. எப்படித் தனியாகச் சமாளிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் விடை ஒன்றுதான். இன்றும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். வண்டி ஓடும்போது நான் ஓட்டுநர். வண்டி நின்ற பிறகுதான் அம்மா.

இதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு தண்ணீர்ப் புட்டியின் மூடி. இரண்டாவது பயணம் அது. பின்னிருக்கையில் இளையவனின் கையிலிருந்து மூடி நழுவிக் கீழே விழுந்தது. நீல நிற மூடி, நாணயத்தைவிடச் சற்றே பெரியது. "மூடி, மூடி" என்று தொடங்கிய முனகல் இரண்டே நிமிடத்தில் அலறலாகிவிட்டது. ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி மற்றொரு கையைப் பின்னால் நீட்டித் தரையைத் துழாவினேன். விரல் நுனியில் மூடி தட்டுப்பட்டது, உருண்டது. இன்னும் ஒரு சாண்தானே என்று உடலைத் திருப்பிய நொடியில் சக்கரங்களுக்குக் கீழே ஒலி மாறியது. தார்ச் சாலையின் சீரான இரைச்சல் போய், சரளைக்கல் தெறிக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது ஓரத்துக் கம்பம் ஒன்று கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போயிற்று. வண்டியை நிறுத்திய பிறகும் என் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "ஏம்மா நின்னுட்டோம்?" என்று மூத்தவள் கேட்டாள், பதில் சொல்ல நா எழவில்லை. நிறுத்திய வண்டியில் அந்த மூடியைக் குனிந்து எடுக்க எனக்கு ஐந்து நொடி ஆயிற்று.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. குழந்தையின் முகத்தைப் பார்க்க இரண்டு நொடி பின்னால் திரும்பினால், ஐம்பது மீட்டர் தூரத்தை யாருமே ஓட்டாமல் வண்டி ஓடியிருக்கிறது என்று பொருள். கூட ஒருவர் இருந்தால் அந்த இரண்டு நொடியை அவர் பார்த்துக்கொள்வார். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டு நொடியைத் தர எவரும் இல்லை. ஆகவே வண்டியை நிறுத்துவது ஒன்றுதான் வழி.

இதில் மனத்துக்கு மிகக் கடினமான பகுதி, குழந்தை அழும்போது அடுத்த பாதுகாப்பான இடம் வரும்வரை கையை நீட்டாமல் இருப்பதுதான். காரில் பொருத்தும் குழந்தை இருக்கையில், பட்டைகள் சரியாகப் பூட்டப்பட்டு உட்கார்ந்து உரக்க அழும் குழந்தை மூச்சு விடுகிறது என்பதும், விபத்து நேர்ந்தால்கூட அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பதும் அறிவுக்குத் தெரியும். ஆனாலும் வயிறு பிசையத்தான் செய்யும். அப்போது நான் சொல்வது ஒரே வாக்கியம்: "அடுத்த இடத்தில் நிறுத்துகிறேன்." சொன்ன பிறகு நிறுத்தியே ஆக வேண்டும். அழுகை நடுவில் அடங்கிவிட்டாலும், குழந்தை தூங்கிவிட்டாலும்கூட நிறுத்த வேண்டும். அம்மா சொன்னால் நிறுத்துவாள் என்பது நான்கைந்து முறை கண்ணால் கண்டு தெரிந்த பிள்ளைக்குப் பத்து நிமிடம் காத்திருக்கும் பொறுமை தானாக வருகிறது. ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு அது வருவதில்லை.

நிறுத்துவது என்று முடிவாகிவிட்டால் மற்றவை எல்லாம் அதிலிருந்தே வரும். வரைபடம் ஆறு மணி நேரம் என்று காட்டினால் நான் ஒன்பது என்று எழுதிக்கொள்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்தது கால் மணி நேரம் எல்லோரும் இறங்குகிறோம். கைக்குழந்தை இருந்தால் இது கட்டாயம்; நெடுநேரம் அந்த இருக்கையில் கிடக்கும் பச்சைக் குழந்தையின் தலை முன்னால் சரிந்தால் மூச்சுப் பாதை குறுகும். தின்பதும் நின்ற பிறகுதான். ஓடும் வண்டியில் குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால், முன்னால் இருப்பவருக்கு அது தெரிவதற்கே நேரமாகும். புரையேறித் திணறும் குழந்தையிடமிருந்து சத்தம் வராமலே போகலாம்.

தனியாகப் பிள்ளைகளுடன் காரோட்டிச் செல்வதென்பது ஏதோ இன்றைய காலத்துத் துணிச்சல் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த கதை, சற்று நீண்டாலும் பொறுத்தருள வேண்டும். உலகத்தில் காரில் நடந்த முதல் நெடும்பயணமே ஒரு தாய் தன் பிள்ளைகளுடன் மேற்கொண்டதுதான். 1888 ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகரிலிருந்த தம் தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். வழியில் பெட்ரோல் நிலையம் என்று ஒன்று உலகிலேயே கிடையாது. வீஸ்லாக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடிக்கச் சொன்னார். பிரேக்குக்கு மேலுறை பிறந்தது அப்படித்தான். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மாலையில் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

அவருடைய பிள்ளைகள் வளர்ந்தவர்கள், நம்முடையவர்கள் அப்படியல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கதையில் நான் பிடித்துக்கொண்டது, பிள்ளைகள் அங்கே மூட்டை முடிச்சாகப் போகவில்லை, வேலையோடு போனார்கள் என்பதை. ஐந்து வயதுப் பெண் வண்டியைத் தள்ள வேண்டாம். ஆனால் குப்பைப் பையைக் காப்பதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோருடைய செருப்பும் திரும்ப ஏறிவிட்டதா என்று எண்ணிச் சொல்வதும் அவள் பொறுப்பாக இருக்கலாம். மூன்று வயதுப் பையன், பட்டை பூட்டியதும் "பூட்டியாச்சு" என்று அறிவிக்கும் அதிகாரியாக இருக்கலாம். என் மகன் அதைச் சொல்லாமல் நான் சாவியைத் திருகியதே இல்லை.

பட்டையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். தோள் பட்டையை இறுக்கிய பிறகு அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். விரலுக்கிடையே மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த குளிராடையைக் கழற்றிவிட்டுப் பூட்டுங்கள். ஆடையின் பருமனைப் பட்டையின் இறுக்கம் என்று கை ஏமாந்துவிடும். இரண்டு வயது வரையாவது, இருக்கை இடம் கொடுத்தால் அதற்கு மேலும், குழந்தை வண்டியின் பின்புறத்தைப் பார்த்தே உட்காரட்டும். 1960களில் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் விசையை முதுகு முழுவதும் தாங்கும்படி படுத்திருப்பதைக் கண்டு உருவாக்கிய முறை அது. மோதலின்போது கழுத்து மட்டும் தாங்க வேண்டிய அதிர்ச்சியை முதுகும் தலையும் சேர்ந்து தாங்குகின்றன. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் மட்டும் அப்படி வைக்கவே கூடாது. பின்புறம் பார்த்திருக்கும் குழந்தையின் முகம் நமக்குத் தெரியாதே என்ற தவிப்பு தனியாக ஓட்டுபவருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அதற்கும் மருந்து அதேதான்: நிறுத்திப் பாருங்கள்.

இனி இறங்கும் இடம். ஓட்டும் நேரத்தைவிட எனக்கு அதிக அச்சம் தருவது இதுதான். இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர், சுற்றிலும் பின்னோக்கி நகரும் வண்டிகள். ஒருவனைப் பட்டையிலிருந்து விடுவிக்கக் குனிந்திருக்கும் அரை நிமிடத்தில் மற்றவள் எங்கே நிற்கிறாள்? எங்கள் காரின் பின்பக்கவாட்டில் ஒரு மஞ்சள் வட்டம் ஒட்டியிருந்தேன். இறங்கியதும் மூத்தவள் உள்ளங்கையை அதில் பதித்து நிற்க வேண்டும். நான் வந்து அந்தக் கையைப் பிடிக்கும்வரை எடுக்கக் கூடாது. வீட்டு வாசலில் ஒரு வாரம் விளையாட்டாகப் பழக்கினோம். சில மாதங்களில் அந்த மஞ்சள், நடுவில் மட்டும் வெளுத்துப் போயிற்று. குழந்தையை எப்போதும் போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாகவே இறக்குங்கள்.

ஒருத்தி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறாள், மற்றவன் ஆழ்ந்து தூங்குகிறான். தனியாகப் போகும் ஒவ்வொருவரும் சந்திக்கும் நிலைமை இது. ஐந்தே நிமிடம்தானே, பூட்டிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று மனம் சொல்லும். சொல்லட்டும், தூங்குகிறவனையும் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஐந்து நிமிடம் என்று போகிறவர் ஐந்து நிமிடத்தில் திரும்புவார் என்பதற்கு உறுதி கிடையாது. வரிசை இருக்கலாம், கால் இடறலாம். கெட்ட தூக்கத்துக்காக அவன் அழுவான், அடுத்த ஒரு மணி நேரம் சிணுங்குவான். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

வாந்தியைப் பற்றியும் கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைத்தான் அது படுத்துகிறது. உள்காது அசைவை உணர்கிறது, படப் புத்தகத்தைப் பார்க்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். ஆகவே புத்தகத்தையும் திரையையும் மூடி, தொலைவில் தெரியும் ஒன்றைப் பார்க்கச் செய்யுங்கள். தொடர்ந்து கொட்டாவி விட்டு, முகம் வெளிறி, கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே இடம் தேடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு மாற்று உடுப்பு, ஒரு துண்டு, இரண்டு பை என்று தனித்தனிக் கட்டாகக் கட்டி முன்னிருக்கையில் வையுங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் உடுப்பு இல்லாத உடுப்புக்குச் சமம்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தை எல்லோரும் நிம்மதி என்பார்கள். எனக்கு அதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டிய நேரம். அழுகையும் கேள்வியும் கதையும் ஓய்ந்து, இயந்திரத்தின் தாலாட்டு மட்டும் கேட்கும்போது ஓட்டுகிறவர் கண்ணும் செருகும்; பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையிலும், நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரையிலும் உடலே தூக்கத்தைக் கேட்கும். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதற்காக இரவில் புறப்படும் வழக்கத்தை, தனியாகப் போகிறவருக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். காபி குடித்தாலும் அது வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். கூட ஒருவர் இருந்தால் ஸ்டீயரிங்கை மாற்றிக் கொடுக்கலாம், இருபது நிமிடம் கண்ணயரலாம். விழித்திருக்கும் பிள்ளைகளுடன் தனியாக இருப்பவருக்கு இரண்டும் இல்லை. ஆகவே முந்தின இரவுத் தூக்கம்தான் நம்முடைய ஒரே சேமிப்பு. சாமான் கட்டுவதை மாலைக்குள் முடித்துவிடுங்கள். முடியவில்லையென்றால் இரண்டு பெட்டி குறைவாகப் போங்கள், அல்லது பயணத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

நேரம் முடியப்போகிறதென்று நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். திரும்பி வரும் பயணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதைச் சுருக்கித்தான் சொல்ல முடியும். போகும்போது இருந்த ஆவல் பிள்ளைகளுக்குத் திரும்பும்போது இருக்காது, நமக்கோ வீடு நெருங்க நெருங்கக் கால் தானாக அழுத்தும். கடைசி நிறுத்தத்தை விட்டுவிடத் தோன்றும். அதை மட்டும் விடாதீர்கள். வீட்டுக்கு அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் நிறுத்தி, இறங்கி, முகம் கழுவி, எல்லோருடைய பட்டையையும் இன்னொரு முறை கிள்ளிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வணக்கம்.