நிரை பிடிக்கும் முன் ஓடும் சம்பளம்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பலர் ரப்பர் தோட்டங்களில் மறுநடவைக் கண்ணால் கண்டவர்கள். பழைய பால்மரங்களைச் சாய்த்து, நிலம் அளந்து, வடிகால் வெட்டி, நடவுக்கான வரிசைகளைக் குறித்து நிரை பிடித்து முடிக்கும்வரை ஒரு கன்றுகூட மண்ணில் இருக்காது. ஆயினும் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் சம்பளப் புத்தகம் மாதந்தோறும் நிறைந்துகொண்டே போகும். இராணுவச் செயற்கைக்கோள் திட்டங்களிலும் இத்தகைய செலவு ஒன்று உண்டு: கோள் உருவாகும் முன்பே தொடங்கிவிடும் அமைப்புப் பொறியியல், மேலாண்மை வேலைகளின் செலவு.

கோளின் தேவைகளை வரையறுப்பது, ஒரு பாகம் மற்றொன்றோடு எவ்வாறு இணையும் என்று எழுதி உறுதிசெய்வது, சோதனைகளைத் திட்டமிடுவது, துணை ஒப்பந்தக்காரர்களைக் கண்காணிப்பது ஆகியவையே அந்த வேலைகள். வன்பொருளின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று இதற்கு ஒதுக்குவது நெடுங்கால வழக்கம். ஆனால் வன்பொருளின் மதிப்பையே பெரும்பாலும் எடையை வைத்துத்தான் கணிக்கிறார்கள். தொடக்கத்தில் அந்த எடையும் உறுதியாகியிருக்காது. ஓர் ஊகத்தின் தோள்மீது இன்னோர் ஊகம் ஏறி நிற்கிறது. அதைவிட முக்கியமாக, பொறியாளருக்குச் சம்பளம் காலத்தைப் பொறுத்தது, கிலோவைப் பொறுத்ததன்று. வேலை ஓராண்டு தள்ளிப்போனால் கோளின் எடை கூடாது. குழுவின் சம்பளமோ ஓராண்டுக்குக் கூடிவிடும்.

அமெரிக்க விமானப் படை தொடங்கிய எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். என்னும் ஏவுகணை எச்சரிக்கைச் செயற்கைக்கோள் திட்டத்தில் இதைக் காணலாம். 1996-இல் ஒப்பந்தம் ஆனபோது, மேற்பார்வைச் செலவைக் குறைக்கும் அக்காலப் போக்கின்படி, முழுப் பொறுப்பையும் ஒப்பந்ததாரரிடமே விட்டு, அரசுத் தரப்புப் பொறியாளர்களைச் சுருக்கினார்கள். ஏறத்தாழ 4 பில்லியன் டாலராகத் தொடங்கிய மதிப்பீடு, சுமார் பத்தாண்டுகளில் 10 பில்லியனைத் தாண்டியது. 2002-இல் ஏவத் திட்டமிட்ட முதல் புவிநிலைக் கோள், அதாவது பூமியில் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் கோள், 2011 மே மாதம்தான் புறப்பட்டது. தேவைகளைத் தெளிவாக்காமலும் மென்பொருளின் சிக்கலைக் குறைவாக எடைபோட்டும் தொடங்கியதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. சிக்கனமென்று கருதிக் குறைத்த இடத்திலேயே செலவு வெடித்தது என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

அமெரிக்காவின் இராணுவ விண்வெளித் திட்டங்களை ஆராய்ந்த, தாமஸ் யங் தலைமையிலான குழு 2003-இல் தந்த அறிக்கை, வரவு செலவை 80 விழுக்காட்டு நம்பகத்தன்மையில், அதாவது பத்தில் எட்டு வாய்ப்பில் போதுமானதாக இருக்கும்படி, ஒதுக்கச் சொன்னது. என்னைக் கேட்டால், தொடக்கக் கட்டத்துக்கு விழுக்காட்டை விட்டுவிட்டு எத்தனை பேர், எந்தத் திறனில், எத்தனை மாதம் என்று தலையெண்ணிக் கணக்கிட வேண்டும். அதனருகே ஓராண்டுத் தாமதத்திற்கான தொகையையும் தனி வரியாக எழுத வேண்டும். ஒப்புதல் தருபவர் அந்த வரியைத்தான் முதலில் அடிக்க நினைப்பார். ஆகவே, அது எத்தனை பேருடைய சம்பளம் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைப்பேன்.