நாலரை மணிக்கு ரோட்டில் நிற்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டார்கள். ஓடுகிறவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், ஓட்டம் நடக்கும்போது ரோட்டில் நிற்கிறவர்களைப் பற்றி நான் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். தண்ணீர் நீட்டுபவர், முனையில் விசிலோடு நிற்பவர், ஓடுபவர்களின் பையை வாங்கி வைத்துக்கொள்பவர், கடைசி ஆளோடு கூடவே நடந்து வருபவர் என்று எல்லா வாலண்டியர்களும் இதில் அடக்கம்.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் அண்மை ஆண்டுகளில் நேப்பியர் பாலத்தருகே தொடங்கித் தெற்குப் பக்கமாகப் போகிறது. ராயபுரத்துக்காரரும் வியாசர்பாடிக்காரரும் அங்கே போய்த்தான் ஓடுகிறார்கள். நம்ம வடசென்னைப் பக்கம் ஏன் பெரிய ஓட்டம் வருவதில்லை என்று கேட்டால், ரோடு சரியில்லை, கண்டெய்னர் லாரி தொல்லை என்பார்கள். அது பொய்யில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தோன்றும் காரணம் வேறு. ஓட்டம் நடத்துபவர்கள் விடியற்காலை நாலரை மணியை ஆளில்லாத நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வடசென்னையில் நாலரை மணிக்கு ஆளில்லாத ரோடு எங்கே இருக்கிறது? காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே சூடு பிடித்துவிடும். ஐஸ் பெட்டி ஏற்றிய மூன்று சக்கர வண்டி, கூடையோடு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடும் அக்காமார்கள், பால் வண்டி, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் வாங்க வரும் கூட்டம் வேறு. மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அந்தப் பக்கம் நெரிசல் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த வெயிலில் யார் ஓடுவது?

அதனால்தான் நம்ம பக்கத்துக்கு வாலண்டியர் என்றால் தெருவைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்து இறக்கிவிட்ட கல்லூரிப் பையன், பாவம், கையில் கொடி வைத்திருப்பான், எதிரில் மீன் கூடையோடு ஒரு அம்மா "இப்ப நான் எப்படிப்பா அந்தாண்ட போறது?" என்று கேட்டால் முழிப்பான். அதே இடத்தில் முனை டீக்கடைக்காரரோ ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனோ நின்றால், "ரெண்டாவது சந்துல வுடுக்கா, அங்க திறந்திருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வண்டியை நிறுத்தும் அதிகாரம் போலீசுக்குத்தான் உண்டு. வாலண்டியருக்கு இருப்பது வாய் மட்டும். அந்த வாய் நம்ம ஊர் வாயாக இருந்தால் பாதிச் சண்டை வராது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை எந்தக் காரணத்துக்காகவும் தடுக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பத்து விநாடி தாமதமானதால் ஓடுகிறவர் யாரும் கெட்டுப்போகப் போவதில்லை.

அடுத்தது தண்ணீர் மேசை. இதில் என்ன பெரிய விஷயம், சித்திரை மாதம் நாம் வைக்காத மோர்ப் பந்தலா என்பீர்கள். ஆனால் பந்தலுக்கு வருபவர் நின்று குடிக்கிறார். இங்கே வருபவர் ஓடிக்கொண்டே வாங்குவார். கப்பை நிறைய ஊற்றினால் பாதி அவர் சட்டையில்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி, விளிம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கையை நீட்டி நிற்க வேண்டும். அவர் கை பட்டதும் விட்டுவிட வேண்டும். எது தண்ணீர், எது உப்பு சர்க்கரைக் கரைசல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் முதல் மேசையிலேயே மோதுவார்கள், "பின்னாடியும் இருக்கு, பின்னாடியும் இருக்கு" என்று கத்த ஒரு ஆள் தனியாக வேண்டும். குப்பைத் தொட்டி மேசைக்குப் பக்கத்தில் இருந்து பயனில்லை. குடித்து முடிக்கும் தூரத்தில், கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். வாழைப்பழத் தோல் ரோட்டில் விழாமல் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்தினாலும் தகும்.

இன்னொன்று. அன்பு மிகுதியில் "இன்னும் ஒரு கப் குடிங்க, இன்னும் ஒரு கப்" என்று வற்புறுத்துவது நம்ம வழக்கம். கல்யாணப் பந்தியில் சரி, இங்கே ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்பின் அளவு, இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களிடம், இது அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் அப்படித்தான். மெதுவாக ஓடுபவருக்கு ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது அல்லவா? ஆகவே கேட்டால் கொடுங்கள், திணிக்காதீர்கள்.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு, வெப்பத் தாக்கு. ஓடி வந்தவர் தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அவரைக் கழுத்துவரை அமிழ்த்தி, முதலில் குளிரவைத்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் மருத்துவர்கள் சொல்லும் முறை. மற்ற இடங்களில் அந்த நேரத்தில் ஐஸுக்கு அலைவார்கள். காசிமேட்டை வைத்துக்கொண்டு நமக்கு ஐஸுக்கா பஞ்சம்? மீன் போடும் பெரிய டப் ஒன்றைக் கழுவி, ஓட்டம் முடியும் இடத்தில் தண்ணீரும் உடைத்த ஐஸுமாக வைத்தால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை ஸ்வீப்பர் வேலை. கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது. ஒரு முறை 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் என் கடைசி ஆள், மகள் பெயர் கொடுத்துவிட்டதால் வந்துவிட்ட ஒரு அம்மா. புடவையை இழுத்துச் செருகி, மகளுடைய ஷூவைப் போட்டிருந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, நான் போனாத்தான் நீ வூட்டுக்குப் போவியா?" என்றார். "ஆமாக்கா, நீங்க பொறுமையா வாங்க" என்றேன். "இதோ வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லவில்லை. ஓடுபவர்களை இதைவிட எரிச்சலூட்டும் பொய் கிடையாது. எத்தனை மீட்டர் பாக்கி என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கை தட்டுங்கள். அந்த அம்மா முடித்தபோது மெடல் தீர்ந்துபோயிருந்தது. நடத்தியவர்கள் தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். முதலில் வருபவருக்கு மெடல் இல்லாமல் போவதே இல்லை. தீர்ந்துபோவது எப்போதும் கடைசி ஆளுக்குத்தான். கடைசி இருபது மெடலை ஸ்வீப்பர் கையில் முன்பே கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே வராது.

பெரிய ஓட்டம் நம்ம பக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2004ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் உள்ள புஷி பூங்காவில் பால் சின்டன் ஹெவிட் என்பவர், காலில் அடிபட்டு ஓட முடியாத நிலையில், நண்பர்களுக்காக ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தினார். வந்தவர்கள் 13 பேர். யார் எத்தனையாவது என்று குறிக்க ஹார்டுவேர் கடையில் வாங்கிய வாஷரில் எண் பொறித்துக் கொடுத்தார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் வாலண்டியர்களாலேயே நடக்கும் பார்க்ரன். கட்டணம் கிடையாது. ஓட வருபவர்களே முறை வைத்து, ஏதாவது ஒரு வாரம் ஓடாமல் நின்று வேலை பார்க்கிறார்கள். லேத் பட்டறை நிறைந்த நம்ம பக்கத்தில் வாஷர் கிடைக்காதா என்ன? பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் காலையில் சேர்ந்து ஓடுபவர்கள், மாதம் ஒரு காலை ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தெருப்பிள்ளைகளை ஓடவிட்டு நேரம் குறித்துக் கொடுக்கலாம். கால்பந்து ஆடி வளர்ந்த பிள்ளைகள், பிய்த்துக்கொண்டு ஓடும்.

பெரிய ஓட்டங்களை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. தண்ணீர் மேசைக்காரர்களை விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொல்கிறீர்கள். அந்த நேரத்துக்கு வழக்கமாக மெட்ரோ ஓடாது, பஸ்ஸும் அரிது. திருவொற்றியூரிலிருந்து வரும் பெண்பிள்ளை எப்படி வருவாள்? டி-ஷர்ட்டும் சான்றிதழும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திருவொற்றியூர் டோல்கேட்டிலிருந்து ஒரு வேன் விடுங்கள், வழியில் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் நிற்கட்டும். ஆட்களை நாங்கள் ஏற்றி அனுப்புகிறோம். வணக்கம்.