இலை படம் போட்டால் இயற்கை ஆகிவிடுமா?

(காட்சி: மேசை மேல் ஒரு கிலோ அரிசிப் பை. கேமரா மெதுவாகக் கிட்டே போகிறது.)

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கிய கருப்பு கவுனி அரிசி இது. பையின் முன்பக்கம் ஒரு விவசாயி, இரண்டு மாடு, தென்னை, ஆறு. மேலே ‘இயற்கை’, நடுவில் ‘பாரம்பரியம்’, ஓரமாக ஒரு இலைக்குள் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’. கடைக்காரரிடம், “அண்ணே, இது இயற்கை விவசாயம்னு யாரு சான்று குடுத்தது?” என்று கேட்டேன். “பையிலயே போட்டிருக்கே தம்பி” என்றார்.

சரி, பையையே பார்ப்போம்.

(காட்சி: தையல் ஓரத்தில் ஓர் இழையை உருவும் விரல்கள்.)

தூரத்தில் பார்த்தால் சணல் சாக்கு. ஓர் இழையை உருவுகிறேன். சணல் என்றால் நார் நாராகப் பிசிறும். இது தட்டையாக, ரிப்பன் மாதிரி, பளபளவென்று வருகிறது. பிளாஸ்டிக். யூரியா மூட்டை நெய்கிற அதே ஜாதி. மேலே சணல் போல அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்பது அரிசியைச் சொல்கிறதா, பையைச் சொல்கிறதா என்று எங்கும் இல்லை.

அடுத்து ‘பாரம்பரியம்’. இங்கேதான் டெல்டாக்காரர்களான நாமே சறுக்குகிறோம். பாரம்பரியம் என்பது விதையைப் பற்றிய சொல். இயற்கை விவசாயம் என்பது சாகுபடியைப் பற்றிய சொல். மாப்பிள்ளை சம்பா மாதிரி பாரம்பரிய ரகத்துக்கும் யூரியா போடலாம், பூச்சி மருந்தும் அடிக்கலாம். உயரமாக வளர்கிற ரகங்களுக்கு யூரியாவைக் கூட்டினால் பயிர் சாய்ந்துவிடும் என்பதால் பலர் அளவாகப் போடுவார்கள். ஆனால் அளவாகப் போடுவது வேறு, போடாமலே இருப்பது வேறு. பை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா பலருக்கு நினைவிருக்கும். 2 கிலோ விதை நெல் வாங்கிப் போனால், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எந்த நெல் யார் வயலில் விளைந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. இந்தப் பைக்குப் பின்னால் அப்படி ஓர் ஆளைத் தேடினால், படத்தில் இருக்கிற விவசாயிதான் கிடைக்கிறார்.

(காட்சி: பையின் பின்பக்கம். பொடி எழுத்து.)

ஆள் இல்லாத இடத்தில்தான் சான்று வேண்டியிருக்கிறது. கடையில் ‘ஆர்கானிக்’ என்று விற்கிற உணவுப் பொருளுக்கு அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டு வழி. ஒன்று, என்பிஓபி என்கிற தேசியத் திட்டம். வெளி நிறுவனம் வந்து வயலைச் சோதிக்கும். இன்னொன்று பிஜிஎஸ், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்ப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: பிஜிஎஸ்ஸில் ‘கிரீன்’ என்ற முத்திரை இருந்தால் ரசாயனத்திலிருந்து இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். முழுதாக மாறியவருக்குத்தான் ‘ஆர்கானிக்’. பச்சை என்றால் இன்னும் பாதி வழிதான்!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தன் வயலில் விளைந்ததைச் சந்தையில் நேராக நம்மிடம் விற்கிற சிறு விவசாயிக்கு இந்தச் சான்று கட்டாயமில்லை. அவரிடம் போய் முத்திரை எங்கே என்று மல்லுக்கட்டாதீர்கள். வயல் எங்கே என்று கேளுங்கள், கூட்டிப்போய்க் காட்டுவார்.

நம் பையில் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லே இல்லை. ‘இயற்கை’ என்று மட்டும் இருக்கிறது. கெட்டிக்காரத்தனம். இப்படி ஆதாரமில்லாமல் பசுமை வேடம் போடுகிற வேலைக்குத்தான் கிரீன்வாஷிங் என்று பெயர். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ‘இயற்கை’, ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற சொற்களை மொட்டையாகப் போடக் கூடாது. எந்த விதத்தில் என்று விளக்கம் வேண்டும், கையில் ஆதாரமும் வேண்டும். வெறுமனே பச்சை நிறமும் மரம் செடி படமும் போடுவது மட்டும் குற்றமாகாது. ஏமாற்றும்படி இருந்தால்தான் மாட்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் போடலாம்.

(காட்சி: வாழைத்தோப்பு. மண்வெட்டி.)

இப்போது என் சொந்தக் கதை. போன ஆடியில், ‘100% மக்கும்’ என்று எழுதியிருந்த ஒரு கைப்பையை எங்கள் வாழைத்தோப்புக் குழியில் சாணியோடு சேர்த்துப் புதைத்தேன். பங்குனியில் தோண்டினேன். வாழை மட்டை, சாணி எல்லாம் மண்ணாகிவிட்டன. பை கொஞ்சம் கிழிந்திருந்தது. ‘மக்கும்’ என்ற எழுத்தை அலசிவிட்டுப் படிக்க முடிந்தது.

முறையாகச் சான்று பெற்ற உரமாகும் பிளாஸ்டிக்குக்கு ஐஎஸ் 17088 என்ற தரநிலை உண்டு. அந்தச் சோதனையே சுமார் 58 டிகிரி சூட்டில்தான் நடக்கிறது. அந்தச் சூட்டை விடாமல் பிடித்து வைக்க, குப்பையை மக்கவைத்து உரமாக்குகிற ஆலை வேண்டும். என் குழிக்கு அந்தச் சூடு எங்கே வரப்போகிறது? சான்று இருந்த பையாக இருந்தாலும் இங்கே திணறியிருக்கும். இதில் சான்று எண்ணும் இல்லை. எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று சொல்லாமல் ‘மக்கும்’ என்றால், நாம் தோப்பைத்தானே நினைப்போம்?

(காட்சி: மீண்டும் அரிசிப் பை. போன் ஒலி.)

கடைசியாக, அரிசிப் பையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். எதிர்முனையில் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது டிசைன் பண்ணவங்க போட்டது சார்.”

அரிசி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஊறவைத்துக் கஞ்சி வைத்தோம். பைதான் மிச்சம். இப்போது அதில் அம்மா கோழிக்குத் தவிடு போட்டு வைத்திருக்கிறார்.