வாரி எடுத்த ஆகாயத்தாமரை ஏன் மறுபடியும் ஏரியை மூடுகிறது?

வணக்கம். புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்து நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன்: "எங்கள் ஊர் ஏரியில் ஆண்டுதோறும் அரையாண்டு விடுமுறையில் இளைஞர்கள் கூடி ஆகாயத்தாமரையை வாரி அப்புறப்படுத்துகிறோம். பங்குனி பிறப்பதற்குள் ஏரி பழையபடி மூடிக்கொள்கிறது. மருந்து அடித்துவிடலாம் என்று சிலரும், வண்டு விட்டால் தின்று தீர்த்துவிடும் என்று சிலரும் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது, ஐயா?"

சம்பளமில்லாமல் சேற்றில் இறங்கி உழைக்கும் பிள்ளைகளின் கேள்வி இது என்பதால், இன்றைய நேரம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். உங்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. அந்த உழைப்பைச் செலுத்தும் மாதமும், அதற்குப் பிறகு வரும் வாரங்களில் ஏரியைக் கவனிக்கும் முறையும்தான் மாற வேண்டும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, வெங்காயத்தாமரை என்றும் சொல்லப்படும் இச்செடி, பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் வழியாக நம் நாட்டு நீர்நிலைகளுக்குள் பரவியது. இது விதையால் மட்டும் பெருகுவதில்லை. ஒவ்வொரு செடியும் பக்கவாட்டில் தண்டு ஓட்டி அதன் நுனியில் குட்டிச் செடியை ஈன்றுகொண்டே இருக்கும். வெயிலும் சாக்கடைச் சத்தும் சேர்ந்து கிடைத்தால், ஏறக்குறைய 2 வாரங்களில் பரப்பு இரட்டிப்பாகிவிடும். நீங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கை வாரிவிட்டு, கோரைக்கு நடுவிலும் மதகின் ஓரத்திலும் ஆறே பங்கை விட்டுவைத்ததாகக் கொள்ளுங்கள். அந்த ஆறு பன்னிரண்டாகி, இருபத்து நான்காகி, நாற்பத்தெட்டாகி, எட்டாவது வாரத்தில் தொண்ணூற்றாறாக நிற்கும். மார்கழியில் வாரிய ஏரி பங்குனிக்குள் மூடிக்கொள்வதற்கு இந்தக் கணக்கே போதும்.

மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும். ஆழத்தில் நின்று இழுப்பது உயிருக்கு ஆபத்தானது. அதோடு, பச்சைச் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான். கரையேற்றுவதும் வண்டியில் ஏற்றுவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைச் சுமக்கும் வேலையாகவே முடிகிறது. நம் பகுதி ஏரிகளில் பல, வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றுபவை. சித்திரை, வைகாசி மாதங்களில் நீர் உள்வாங்கும்போது செடிகள் தரைதட்டிக் காய்ந்து கிடக்கும்; அப்போது வாரினால் அதே ஆட்களைக் கொண்டு பல மடங்கு பரப்பை முடிக்கலாம். ஆனால் அதோடு ஏரி சுத்தமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சேற்றில் புதைந்த விதைகள் 20 ஆண்டுகள் வரைகூட முளைப்புத் திறனோடு இருக்கக்கூடியவை. ஆடி, ஆவணியில் பெய்யும் மழையில் ஆழமில்லாத குட்டைகளில் அவை முளைக்கும். அந்த இளஞ்செடிகளைக் கையால் பிடுங்கிவிடும் வாரங்களே ஆண்டு முழுவதற்குமான முக்கியமான வாரங்கள் என்பது என் கருத்து.

அடுத்தது வரத்து வாய்க்கால். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றிலிருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டு வழியாகப் பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. வாய்க்காலில் செடி இருக்கும்வரை, முதல் வெள்ளத்தோடு அது ஏரிக்குள் வந்து சேரத்தான் செய்யும். ஆகவே ஐப்பசிக்கு முன்பே வாய்க்காலைச் சுத்தம் செய்து, அது ஏரியில் சேரும் முகப்பில், நீரின் ஓட்டத்தைத் தடுக்காதபடி, மூங்கிலை மிதக்கவிட்டுக் கயிற்றால் கட்டினால் வருகிற செடி அங்கேயே தேங்கும். அதை அவ்வப்போது கரையேற்றிவிடலாம். ஏரி நிறைந்த பிறகு, மீன்பிடிப்பவர்களோடு பேசி, வாரம் ஒருமுறை தோணியில் ஒரு சுற்று வந்து ஒதுங்கியிருக்கும் திட்டுகளை எடுக்கச் சொல்லுங்கள். ஊர்க் கழிவுநீர் ஏரியில் கலக்கிறதென்றால், அதை நிறுத்தக் கோருவதும் களையெடுப்பின் ஒரு பகுதியே ஆகும், ஏனென்றால் செடிக்கு உணவு அங்கிருந்துதான் வருகிறது.

மருந்து அடிப்பது வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி செடியைக் கொல்லும். ஆனால் செத்த செடி மூழ்கி அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும், அழுகிய சத்து அடுத்த தலைமுறைச் செடிக்கே உரமாகும். மேலும் 2,4-டி போன்ற மருந்து கலந்த நீர் பாசனத்துக்குப் போனால், பருத்தி, உளுந்து போன்ற அகன்ற இலைப் பயிர்கள் கருகிவிடும்.

வண்டு விடும் யோசனை பொய்யானதல்ல. இந்தச் செடியையே தின்று வாழும் நியோசெட்டினா என்ற கூன்வண்டுகள் 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டு, பெங்களூரில் ஆராயப்பட்டு விடப்பட்டவை. ஆனால் அவை பெருகி விளைவு காட்டச் சில ஆண்டுகள் ஆகும். அவற்றின் கூட்டுப்புழுக்கள் நீருக்குள் இருக்கும் வேர்களில்தான் வளர்கின்றன. கோடையில் ஏரி வற்றினால் வண்டுக் கூட்டமும் அற்றுப்போகும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடத்துக்கு அது பொருந்தலாம். உங்கள் ஏரிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்குச் செடியைச் சிலர் அரிவாளால் வெட்டித் தண்ணீரிலேயே தள்ளிவிடுகிறார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஒதுங்கும் இடத்தில் வேர்விடும். அதை வேரோடு பிடுங்கி, நீர் எட்டாத மேட்டில் முழுவதும் காயவிட வேண்டும். ஆடுகள் தின்றால் நச்சாகும் என்பதால் மேய்ச்சல் தடத்தில் போடக் கூடாது. அதே நேரத்தில் அல்லி, கோரை, சம்பு இவற்றையும் களை என்று வழித்தெடுத்துவிடாதீர்கள். இலைக்கோழி, தாழைக்கோழி போன்ற நீர்ப்பறவைகள் நடமாடுவது அவற்றின் நடுவில்தான்.

மீன் ஏலம் விடும்போது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது என்பதை நிபந்தனையாகவே எழுதச் சொல்லுங்கள். மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே அதன் வளர்ப்பைத் தடை செய்துவிட்டது. விராலும் நாட்டுக் கெளுத்தியும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீனை இரக்கப்பட்டு ஏரியில் விடுவதையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டும். அது கரையில் வளை தோண்டி முட்டையிடும், வலையையும் கிழிக்கும்.

வேலை தொடங்குமுன் புதுச்சேரிப் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறுங்கள்; கடலூர் மாவட்டத்து நேயர்கள் நீர்வளத் துறையை அணுக வேண்டும். ஊசுட்டேரி போன்ற சரணாலய ஏரியில் வனத்துறையின் அனுமதியில்லாமல் ஒரு செடியைக்கூட அகற்றக் கூடாது. அதன் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறுபகுதி தமிழ்நாட்டிலும் இருப்பதால் இரு பக்கமும் கேட்க வேண்டியிருக்கும்.

வாரிய ஆகாயத்தாமரையைச் சாணத்தோடு அடுக்கி மட்கவைத்தால் நல்ல எருவாகும். ஆனால் ஆலைக் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்த செடி கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், அந்த எருவைக் கீரைக்கும் காய்கறிக்கும் போடாதீர்கள்.