சேக்கிழார் கதை விட்டாரா? இல்ல நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன், நாயன்மாருங்கற சிவனடியார்களோட கதையச் சொல்ற பெரியபுராணத்த ஒரே போடா போட்டுட்டாரு. சோழ ராஜாகிட்ட மந்திரியா இருந்த சேக்கிழார் எழுதின பிரச்சாரமாம், அதுல வர்ற நாயன்மார் சுந்தரருக்கும் சேக்கிழாருக்கும் நடுவுல முந்நூறு வருஷத்துக்கு மேல கேப்பாம், முதலை முழுங்கின புள்ள திரும்பி வருதாம், இத எவன் நம்புவான்னு கேட்டு கைத்தட்டலும் வாங்கிட்டாரு.

அண்ணே, அந்த முதலை சேக்கிழார் வளர்த்த முதலை இல்லண்ணே! சுந்தரரே அவிநாசிப் பதிகத்துல "முதலைய புள்ளையத் தரச் சொல்லு"ன்னு சாமிகிட்ட கேக்கறாரு. அந்த அதிசயம் நடந்துச்சான்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கும் அதுல டவுட்டுதான். ஆனா சேக்கிழார் தன் கைக்கு வந்தத நேர்மையா எழுதினாரா இல்லையாங்கறதுதான இன்னைக்கு டாபிக்?

பல்லவ சேனாதிபதியா இருந்த சிறுத்தொண்டர் நாயனார், சாளுக்கியரோட தலைநகர் வாதாபிய, அதாவது இன்னைக்கு இருக்கற பாதாமிய, தூள் பண்ணினாருன்னு சேக்கிழார் எழுதறாரு. வாதாபி விழுந்தது 642-ல, இவரு எழுதினது 12-ம் நூற்றாண்டுல. ஐநூறு வருஷம் கழிச்சு எழுதியும் ஊர் பேரு தப்பல, நரசிம்மவர்ம பல்லவன் வெட்டி வச்ச கல்வெட்டு இன்னைக்கும் பாதாமி பாறையில இருக்கு, போய்ப் பாத்துக்கலாம்.

அப்புறம், சம்பந்தருக்கு 1,256 பாட்டு பாடினவரு சில நாயன்மாருக்கு பத்து பாட்டுக்குள்ள முடிச்சுட்டாரு. விஷயம் கிடைக்காத எடத்துல அடிச்சு விடறது நாலாயிரம் பாட்டு எழுதினவருக்கு என்ன கஷ்டமா?

பிரச்சாரம்னீங்களே, பிரச்சாரம் பண்றவன் தன் ஆளோட கறைய மறைப்பானா மேடை போட்டுக் காட்டுவானா? கோயிலுக்கு வச்ச நெல்ல பஞ்சத்துல தின்னுட்டாங்கன்னு கோட்புலியார் சொந்தக்காரங்கள வெட்டறாரு, பால் குடிக்கற கொழந்தையக்கூட விடல, படிக்கறப்போ நமக்கே வயித்தக் கலக்குது, சேக்கிழார் அத அப்படியே எழுதறாரு. மூர்க்க நாயனார் சூதாடினாரு, சுந்தரர் தன் மனைவி சங்கிலியாருக்கு செஞ்ச சத்தியத்த மீறி கண்ணு போச்சு, எல்லாமே வருது.

மதுரையில சம்பந்தர்கிட்ட வாதுல தோத்த எண்ணாயிரம் சமணர் கழுவேறினாங்கங்கறீங்க, அந்த நம்பர நானும் நம்பல. ஆனா அதையும் இவரு கட்டி விடல, இவருக்கு முன்னாடியே நம்பியாண்டார் நம்பி பாடிட்டாரு. சேக்கிழார் அந்த எடத்துல என்ன எழுதறாரு தெரியுமா? சம்பந்தருக்கு அவங்க மேல பகை இல்ல, ஆனாலும் சைவர் தங்கின மடத்துக்கு தீ வச்சவங்கன்னு, கழுவேத்தச் சொன்ன பாண்டிய ராஜாவத் தடுக்காம இருந்துட்டாருன்னு எழுதறாரு. நெனச்சிருந்தா, "வேணாம் ராஜா, விட்டுருங்க"ன்னு சம்பந்தர் கெஞ்சின மாதிரி ரெண்டு பாட்டு சேத்திருக்கலாம், யாரு கேக்கப் போறா? சேக்கலியே! தன் ஹீரோ சும்மா இருந்தாருன்னு எழுதின மனுஷன எதிரணி எந்த வாயால பொய்யன்னு சொல்லுது?