சிவப்பு மாத்திரையும் ஒரு டம்ளர் டீயும்

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். ஒருநாள் காலையில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பக் காலத்தில் 11-க்குக் குறைந்தாலே ரத்த சோகைதான். “மாத்திரை போடுறியாம்மா?” என்றேன். “ஒருநாள்கூட விடலக்கா” என்றவள், என் கண்முன்னாலேயே அட்டையிலிருந்து சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, கையிலிருந்த டீயைக் குடித்து விழுங்கினாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. இரண்டு மாதமாகத் தவறாமல் போட்டிருக்கிறாள். ஆனால் டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சரியாகச் சேரவிடாது. காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்புக்குத் தடைதான். மாத்திரையைக் கொடுத்த நாங்கள், எதோடு போடக்கூடாது என்று அவளிடம் சொல்லவே இல்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் போகட்டும். படுக்கப் போகுமுன் மாத்திரையைத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ இருந்தால் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கால்சியம் மாத்திரையைப் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நடுவே நாலு மணி நேரமாவது வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டுகிறதா? சரி, சாப்பிட்டதும் போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் பரவாயில்லை, நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மலம் கருப்பாகப் போகும். இதைப் பார்த்துப் பயந்து அட்டையோடு அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுவென்று கடும் நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். ரத்தம் குறைவாக இருந்தால் டாக்டர் கூட்டித் தருவார், நீங்களாகக் கூட்டாதீர்கள். ரத்தம் ஏறிவிட்டது என்று பாதியில் விடவும் வேண்டாம். உடம்பின் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் பிடிக்கும்.

சோர்வாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அட்டையை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. வைட்டமின் பி12 குறைந்தாலும் ரத்த சோகை வரும். அதற்கு இரும்பு கேட்காது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே மிகுதியாகச் சேர்ந்திருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், ரத்தம் எங்கே கசிகிறது என்று தேடியே ஆகவேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். சிவப்பாக, மிட்டாய் மாதிரி இருக்கிற இந்த மாத்திரை சில எண்ணிக்கை உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பூட்டிய அலமாரியில் வையுங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலும் 108-ஐ அழையுங்கள், மிச்சமுள்ள அட்டையையும் எடுத்துப் போங்கள். முதலில் வாந்தி எடுத்த குழந்தை சில மணி நேரம் கழித்துத் தெளிந்து விளையாடும். சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் ஈரல் கெடத் தொடங்கும்.