ஒரே கண்ணாடி, இத்தனை சிவப்பு

(திரையில்: வெள்ளைச் சுவர்கள், கூரை வழியாக இறங்கும் பகல் வெளிச்சம்)

வணக்கம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகத்தில் சமகாலக் கலைக்கென்றே 2015-இல் ஒரு புதிய பகுதியைத் திறந்தார்கள். சூரிய வெளிச்சம் மேலிருந்து இறங்கும்படி கூரை அமைத்திருக்கிறார்கள்.

காலை முழுக்கச் சுற்றினாலும் என் கால் திரும்பத் திரும்பப் போய் நின்றது ஒரே இடத்தில்தான்: 'சிவப்புப் பிரமிட்' என்ற கண்ணாடிச் சிற்பம். செக் நாட்டுத் தம்பதி ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்தோவாவும் 1993-இல் செய்தது. கணவர் வரைவார், மனைவி அதைக் களிமண்ணில் எழுப்புவார். 1950-களில் தொடங்கிய இந்தக் கூட்டு, 2002-இல் லிபென்ஸ்கி இறக்கும்வரை நீடித்தது.

(திரையில்: சிற்பம், மிக அருகில்)

மெல்லிய இடத்தைப் பாருங்கள், மாதுளை முத்து மாதிரி பளிச்சென்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் உறைந்த ரத்தம். தடித்த இடத்தில் கிட்டத்தட்ட கறுப்பு. மூன்று நிறக் கண்ணாடியை ஒட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, எல்லாம் ஒரே கண்ணாடி. தடிமன் மட்டும்தான் மாறுகிறது.

நன்னாரி சர்பத்தைக் கரண்டியில் எடுத்தால் இளஞ்சிவப்பு, பாட்டிலில் பார்த்தால் கறுப்பு. அதே கதைதான். வெளிச்சம் கடக்கும் தூரம் கூடக்கூட, கண்ணாடி அதை விழுங்கிக்கொண்டே போகும். எங்கே எத்தனை விரற்கடை கண்ணாடி விடுவது என்று முடிவு செய்வதுதான் இவர்களுக்கு வண்ணம் தீட்டுவது.

சரி, எப்படிச் செய்தார்கள்? ஊதிச் செய்வதல்ல, வார்ப்பு. களிமண் உருவத்திலிருந்து அச்செடுத்து, அதற்குள் கண்ணாடியை இட்டுச் சூளையில் உருக்குவார்கள். அப்புறம் ஆற வைப்பதுதான் பெரும்பாடு. வெளிப்பக்கம் இறுகி, உள்ளே சூடு மிச்சமிருந்தால், ஒன்றையொன்று இழுத்து விரிசல் விட்டுவிடும். அதனால் சூட்டைத் துளித்துளியாகக் குறைப்பார்கள். பெரிய சிற்பத்துக்கு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில்கூட ஆகும். எப்பேர்ப்பட்ட பொறுமை!

(திரையில்: கூரை, பிறகு மீண்டும் சிற்பம்)

நான் நின்றிருந்தபோது மேலே ஒரு மேகம் கடந்தது. இருட்டு மெல்ல ஊறி, சிவப்பு முழுக்க அடங்கிவிட்டது. நான் நகரப் போனேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். மேகம் விலக, மெல்லிய இடத்தில் முதலில் பற்றிக்கொண்டு, சிவப்பு உள்ளே பரவத் தொடங்கியது.